புங்க மர நிழலும் ஏழு மீட்டர் சாலையும்: ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு நகரத்தின் விளிம்பில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது இந்தப் பல்கலைக்கழகம். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் வரும் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் அங்கே சிவில் துறையில் பாடம் எடுப்பவன். போக்குவரத்துப் பொறியியல் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, 2022-இல் அமைத்த வளாகப் போக்குவரத்துக் குழுவின் எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. குழுவின் கோப்பையும் என் நோட்டையும் வைத்து இதை எழுதுகிறேன்.

வளாகத்துக்கு உயிர்நாடி ஒரே சாலைதான். கேட்டில் தொடங்கி வடக்கே நேராகப் போகும். இடது கையில் நூலகமும் நிர்வாகக் கட்டடமும், வலது கையில் அறிவியல் துறைகளும் அரங்கமும், கடைசியில் விடுதிகள். தார் அகலம் 7 மீட்டர். அதாவது போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி. இரு ஓரமும் மண், மண்ணை ஒட்டி வரிசையாகப் புங்க மரங்கள். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் முகத்தில் அடித்த அனல் சட்டென்று நின்றுவிடும். அந்த மரங்களை நட்டவர்களைப் பலமுறை மனதுக்குள் வாழ்த்தியிருக்கிறேன். இந்தக் கதையில் பாதிச் சிக்கல் அந்த நிழலால்தான் வந்தது என்பது வேறு விஷயம்.

சாலை போட்ட காலத்தில் ஆசிரியர்களே டவுன் பஸ்ஸில்தான் வந்தார்களாம். மாணவர்களுக்குச் சைக்கிள். கொரோனா முடிந்து வளாகம் திறந்தபோது நிலைமை தலைகீழ். பஸ்ஸில் நெருக்கியடித்து வரத் தயங்கியவர்கள் தவணையில் வண்டி எடுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு டூவீலர் என்பது போய் ஆளுக்கு ஒன்று ஆகியிருந்தது. அரங்கத்துக்குப் பின்னால் அதிகாரபூர்வமான வாகன நிறுத்தம் ஒன்று உண்டு. பெரிய இடம்தான். ஆனால் வெறும் பொட்டல்.

சாலையில் கண்டது

எங்கள் ஊழியர்கள் வண்டி நிறுத்தும் விதத்தில் ஒரு வானியல் கணக்கு உண்டு. சாலை தெற்கு வடக்காக ஓடுவதால், காலையில் கிழக்கு ஓர மரங்களின் நிழல் தாரின் மேல் விழும். மதியத்துக்கு மேல் மேற்கு ஓர மரங்களின் நிழல். அரை நாள் வேலையாக வந்தவர் கிழக்கு ஓரத்தில் நிறுத்துவார். மாலை வரை இருப்பவர், சாயங்காலம் சீட் கொதிக்காமல் இருக்கட்டும் என்று காலையிலேயே மேற்கு ஓரத்தில் இடம் பிடிப்பார். ஆகவே இரண்டு ஓரமும் நிரம்பும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கூட ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்.

மண் ஓரத்தில் முழுக்க இறக்கி நிறுத்தினாலாவது பரவாயில்லை. மழை பெய்தால் சேறு, வேர் வேறு முட்டிக்கொண்டு நிற்கும் என்று பெரும்பாலும் தார் மேலேயே நிறுத்தினார்கள். காருக்கு இடைவெளியோடு சேர்த்து 2 மீட்டர் போகும். இரண்டு பக்கமும் நின்றால் மிச்சம் 3 மீட்டர். பேருந்தின் அகலம் சுமார் 2.5 மீட்டர், மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் உச்சம் 2.6. காலை 9 மணிக்கு மேல் உள்ளே வரும் கல்லூரிப் பேருந்துக்கு எதிரே ஒரு ஸ்கூட்டி வந்தால்கூட யாராவது ஒருவர் நின்று வழிவிட வேண்டும்.

டூவீலர் சின்னதுதானே என்று ஒரு வாதம் எல்லாக் கூட்டத்திலும் வரும். குறுக்காக, சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்திய பைக்கும் கிட்டத்தட்ட அதே 2 மீட்டரைத்தான் சாப்பிடுகிறது. ஓடும்போதும் அது அவ்வளவு சின்னதில்லை. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நகரச் சாலைகளுக்காக 1990-இல் வெளியிட்ட வழிகாட்டியில், போக்குவரத்தில் டூவீலர்களின் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றையும் முக்கால் காராக எண்ணச் சொல்கிறது. எங்கள் சாலையில் ஓடுவதே முக்கால்வாசி டூவீலர்தான்.

அதே வழிகாட்டியில் இன்னொரு அட்டவணை இருக்கிறது. வகுப்பில் வருடா வருடம் அதைப் போர்டில் எழுதிப் போடுகிறேன், ஜன்னலுக்கு வெளியே அதுவே நடந்துகொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. இருவழிச் சாலை, இரண்டு தடம். ஓரத்தில் வாசல்களும் இல்லை, நிற்கும் வண்டிகளும் இல்லை என்றால் மணிக்கு 1500 கார் அளவுக்குப் போக்குவரத்தைத் தாங்கும். வாசல்கள் உண்டு, நிற்கும் வண்டி இல்லை என்றால் 1200. வாசலும் உண்டு, வண்டியும் நிற்கிறது, குறுக்கே ஆட்களும் வண்டிகளும் போகிறார்கள் என்றால் 900. தார் அதேதான், அகலமும் அதேதான்.

சம்பவம்

ஒரு திங்கட்கிழமை காலை, நூலகத்துக்கு எதிரே நின்றிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து முதலாண்டு மாணவி ஒருவர் சாலையைக் கடக்க வெளியே வந்தார். கேட் பக்கமிருந்து வந்த பைக் தட்டியது. பைக்கில் வந்தவனும் மாணவன்தான். வேகமாக வரவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்புகிறேன். முன்னால் நின்றது உயரமான எஸ்.யு.வி.; அதன் பானெட்டைத் தாண்டும் வரை அவருக்கு அவனும் தெரியவில்லை, அவனுக்கு அவரும் தெரியவில்லை.

மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அதை விட எல்லோரையும் உலுக்கியது அதற்குப் பின் நடந்ததுதான். வளாக மருத்துவ மையத்தின் ஆம்புலன்ஸ் வர, ஊழியர்கள் விரல் வைத்து வருகை பதியும் பயோமெட்ரிக் நேரத்து நெரிசல் வழிவிடவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நான்கு மாணவர்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த வாரமே குழு அமைந்தது. அடுத்த ஆண்டு, உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரவிருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுடைய அளவுகோல்களில், வளாகத்துக்குள் மோட்டார் வண்டிகளைக் கட்டுப்படுத்துகிறீர்களா, நடப்பவர்களுக்கு வழி இருக்கிறதா என்று நேராகவே ஒரு கேள்வி இருந்தது.

முதல் முயற்சியும் அது படுத்த விதமும்

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சுற்றறிக்கை, 'வாகனங்களை நிறுத்தாதீர்' பலகை, சக்கரப் பூட்டு. பூட்டுகளைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று டீ குடிக்கப் போனோம்.

முதல் மூன்று நாளில் பூட்டு விழுந்ததெல்லாம் மாணவர்களின் பைக்குகளுக்கு. நான்காம் நாள் ஒரு மூத்த பேராசிரியரின் காருக்குப் பூட்டுப் போட்ட காவலாளியைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அவர் சத்தம் போட்டார். அந்தக் காவலாளிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆள். மறுநாள் நான் போய்க் கேட்டபோது பூட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

"சார், நீங்க போடச் சொல்லிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு அவரு ஒரு போன் போட்டா என்னை டியூட்டியில வைப்பாங்களா? நீங்களே போடுங்க சார்."

நான் போடவில்லை. இரண்டு வாரத்தில் பலகைகளின் அடியிலேயே வண்டிகள் நின்றன. ஒரு பலகையின் கம்பியில் யாரோ ஹெல்மெட்டை மாட்டிவைத்திருந்தார்கள்; வசதியாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு வாங்கினால் தனிப் பார்க்கிங் தருவார்கள். எங்கள் வளாகத்தில் அதற்கு ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ஆனால் போதும் என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். தவறில்லை.

எண்ணிப் பார்த்தது

அதற்குப் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். எம்.இ. மாணவர்கள் இரண்டு பேரை ஆளுக்கொரு ஓரமாக நடக்கவிட்டோம். அரை மணிக்கு ஒரு முறை, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். பார்க்கிங் கணக்கெடுப்பில் இது பழைய முறை. செலவு ஒரு நோட்டும் இரண்டு பேனாவும். எந்த வண்டி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஒரே இடத்தை ஒரு நாளில் எத்தனை வண்டி பயன்படுத்தியது எல்லாம் அதிலிருந்து வந்துவிடும். தேர்வு, விழா எதுவும் இல்லாத மூன்று வேலை நாட்கள் இதை நடத்தினோம்.

குழுவில் எல்லோரும், நானும்தான், ஒரு விஷயத்தை உறுதியாக நம்பியிருந்தோம். சாலை ஓரத்தில் நிற்பவை பெரும்பாலும் வந்து போகும் வண்டிகள்: கட்டணம் கட்ட வந்த பெற்றோர், சான்றிதழ் வாங்க வந்த பழைய மாணவர், கொரியர். நோட்டு வேறு கதை சொன்னது. காலை 9.30-க்கு நின்ற எண்களே மாலை 4 மணிப் பக்கத்திலும் வரிசை மாறாமல் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த பெற்றோருக்கு நிறுத்த இடமே கிடைக்கவில்லை, அவர்கள்தான் நடுச்சாலையில் நின்று வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பக்கத்தில், மேற்கு ஓரம், நூலகத்துக்கு நான்கு மரம் தள்ளி, மூன்று நாளும் காலை முதல் மாலை வரை நின்றிருந்த ஒரு பைக்கின் எண்ணைப் பார்த்தேன். என்னுடையது.

அதே நாட்களில் அரங்கத்துக்குப் பின்னால் இருந்த நிறுத்தம் பாதிகூட நிரம்பவில்லை. பற்றாக்குறை இடத்துக்கு இல்லை என்பது அங்கே தெளிவானது. அதுவரை கூட்டங்களில் பல அடுக்கு பார்க்கிங் கட்டலாம் என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கைவிட்டோம்.

இன்னொன்றையும் பார்த்தோம். கல்லூரிப் பேருந்தில் ஏறி உட்கார்ந்து கேட்டிலிருந்து விடுதி வரை நேரம் குறித்தோம். 10 மணிக்கு மேல் 3 நிமிடத்தில் போகும் தூரம், 9.20-க்கு 7, 8 நிமிடம் பிடித்தது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று ஒவ்வொரு நிறுத்தத்தையும் எழுதினோம். நின்றுவிட்ட வண்டிகள் பேருந்தை மெதுவாக்கின, அவ்வளவுதான். அதை அடியோடு நிறுத்தியவை நிற்க வந்த வண்டிகள். இடைவெளியைப் பார்த்ததும் கார் பிரேக் போடும், கொஞ்சம் முன்னே போகும், ரிவர்ஸ் எடுக்கும், ஒரு முறையில் நுழையாது, மறுபடி வெளியே வரும், கடைசியில் கதவு திறக்கும். ஒரு காருக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் அதன் பின்னால் பேருந்தும், பேருந்தின் பின்னால் நாற்பது பைக்கும் காத்திருக்கும். இவ்வளவும் 9.15-க்கும் 9.35-க்கும் இடையில் நடந்தது. காரணம் எளிது: பயோமெட்ரிக் 9.30 வரைதான். கருவி இருந்தது ஒவ்வொரு துறையின் வாசலிலும். தாமதமாக வருகிறவர் வாசலில் வண்டியைச் செருகிவிட்டு விரல் வைக்க ஓடுவார்.

இடம் தேடி வட்டமடிப்பது பற்றி உலகில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே நடந்தது. லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ.வை ஒட்டிய வெஸ்ட்வுட் வில்லேஜில் டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர், ஓரத்தில் இடம் கிடைக்க ஒரு கார் சராசரியாக 3.3 நிமிடம், அரை மைல் சுற்றுகிறது என்று கண்டார். ஆளுக்கு அரை மைல் சின்னது. மொத்தம் 15 பிளாக் கொண்ட அந்தப் பகுதியில் அது ஆண்டுக்கு ஒன்பதரை லட்சம் மைல் ஆனது. எங்கள் வளாகத்தில் வட்டமடிப்பது குறைவு. ஒவ்வொருவருக்கும் ஒரு மரம் உண்டு, நேரே அங்கே போவார்கள். ஆகவே அவருடைய நோயறிதல் எங்களுக்கு முழுதாகப் பொருந்தவில்லை, மருந்தும் பொருந்தவில்லை. அவர் சொன்ன மருந்து விலை: ஓரத்து இடத்துக்குச் சரியான கட்டணம் வை, ஒன்றிரண்டு இடம் எப்போதும் காலியாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் அந்த வார்த்தையை எடுத்ததும் ஊழியர் சங்கத்துக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

ஸ்டான்ஃபோர்டின் கதையையும் சொல்லிப் பார்த்தேன். 2000-இல் அவர்கள் புதுக் கட்டடங்கள் கட்ட மாவட்ட நிர்வாகம் அனுமதி தந்தபோது, நெரிசல் நேரத்தில் வளாகத்துக்கு வந்துபோகும் வண்டிகள் கூடக்கூடாது என்று நிபந்தனை போட்டது. கார் கொண்டுவராதவர்களுக்குப் பல்கலைக்கழகம் காசு கொடுக்கும் அளவுக்குப் போனது. "கொடுத்தா நாங்களும் வாங்கிக்கிறோம் சார்" என்றார் சங்கத்துக்காரர். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் போல மாணவர்களுக்கு மோட்டார் வண்டியே கூடாது என்று வைத்துவிடலாம் என்றார் ஒருவர். மாணவர் பிரதிநிதியாக வந்திருந்த பெண் மெதுவாகச் சொன்னார்: "சார், அங்க எல்லாரும் ஹாஸ்டல். நாங்க முப்பது கிலோமீட்டர்லேருந்து வர்றோம். எங்க ஊர்ல முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான்." அந்த யோசனை அதோடு முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கேள்வியை மாற்றிக்கொண்டோம். சாலையில் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்காமல், அரங்கத்துக்குப் பின்னால் ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்டோம். பதில்கள் ஐந்தாறுதான் திரும்பத் திரும்ப வந்தன: வெயில், மழையில் சேறு, ஹெல்மெட் திருட்டு, பெட்ரோல் திருட்டு, அரங்கத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் 9.30 தாண்டிவிடும். ஒரு பதில்கூட அநியாயமானது என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே முதல் முடிவு, சாலையைத் தொடுவதற்கு முன் பொட்டலைச் சரிசெய்வது. முன்னாள் மாணவர் சங்கம் கொடுத்த பணத்தில் டூவீலர் பகுதிக்குத் தகரக் கொட்டகை போட்டோம். கார் பகுதிக்குப் பணம் போதவில்லை. அங்கே ஜல்லி மட்டும், ஓரத்தில் வேப்பங்கன்று. ஒரு காவலாளியை அங்கேயே உட்காரவைத்தோம். பூட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அதே மனிதரைத்தான் கேட்டு வாங்கினேன். வண்டியைப் பூட்டும் வேலை என்றால் வேண்டாம் என்றவர், வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றதும் சரி என்றார்.

இரண்டாவது முடிவுக்குச் செலவே இல்லை, ஆனால் பலன் அதில்தான் அதிகம். அரங்கத்துக்கும் அறிவியல் துறைகளுக்கும் நடுவில் ஒரு மதில். எதற்குக் கட்டினார்கள் என்று எஸ்டேட் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதில் ஒரு ஆள் அகலத்துக்கு இரண்டு மடங்கு இடித்து வழி விட்டோம். சுற்றிக்கொண்டு போன நடை பாதிக்கும் கீழே குறைந்தது. இடித்த அன்று மாலையே, சிமெண்ட் பூசும் முன், அதில் ஆட்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பூச்சில் இன்னும் ஒரு செருப்புத் தடம் இருக்கிறது.

மூன்றாவது, பயோமெட்ரிக் கருவி ஒன்றை நிறுத்தத்தின் வாசலிலேயே வைப்பது. இதற்குப் பதிவாளர் அலுவலகத்தில் பெரிய எதிர்ப்பு. அங்கே விரல் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள் என்றார்கள். துறை வாசலில் வைத்துவிட்டும் திரும்பிப் போகலாமே என்று நான் சொன்னதை அவ்வளவாக ரசிக்கவில்லை. கடைசியில் ஒரு பருவத்துக்குச் சோதனையாக ஒப்புக்கொண்டார்கள்.

நான்காவதுதான் சாலை. கேட்டிலிருந்து நூலகம் தாண்டும் வரை இரண்டு ஓரமும் மூடுவது. அங்கேதான் குறுக்கே கடப்பவர்கள் அதிகம், பேருந்தும் போக வேண்டும். நூலகத்துக்கு வடக்கே மேற்கு ஓரத்தில் மட்டும், நீளவாக்கில் நிறுத்தலாம். 7-இல் 2 போனால் 5. பேருந்தும் காரும் ஒன்றையொன்று தாண்ட அது போதும். சந்திப்புகளின் மூலைகளை வண்டி மறைக்காமல் காலியாக வைப்பது. பார்வையாளர்களுக்கு நிர்வாகக் கட்டடத்தின் பக்கவாட்டில் தனி இடம்.

பலகையையும் பூட்டையும் இந்த முறை நம்பவில்லை. எஸ்டேட் அலுவலகத்தின் பின்னால் பழைய வேலியின் கருங்கல் தூண்கள் புல் முளைத்துக் கிடந்தன. மே விடுமுறையில் அவற்றைப் பாதியாக வெட்டி, மண் ஓரத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக நட்டோம். கல்லை யாரும் போனில் கூப்பிட்டு மிரட்ட முடியாது, வேலையை விட்டும் தூக்க முடியாது. காவலாளியின் அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்கு இது ஒன்றுதான் நியாயமாகப் பட்டது.

ஐந்தாவதைக் குழு எழுதவில்லை, பதிவாளர் தானாகவே செய்தார். நிர்வாகக் கட்டடத்துப் போர்டிகோவில் நாள் முழுக்க நிற்கும் அவருடைய கார், இறக்கிவிட்டதும் பின்னால் போய் நிற்கட்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டார். கல் நட்டதைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர்கள் போர்டிகோ காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏற வேண்டியிருந்தது.

பிறகு நடந்தது

ஜூனில் வளாகம் திறந்தது. முதல் வாரம் திட்டு. இரண்டாம் வாரம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே டூவீலர் நுழைந்தது. ஒன்றரை மீட்டர் இடைவெளி காரைத்தான் தடுக்கும், பைக்கை எப்படித் தடுக்கும் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பெரிதாகப் பரவவில்லை. பின்னால் தகரக் கொட்டகை இருந்தது, விரல் வைக்கவும் அங்கேயே முடிந்தது. மழை தொடங்கியதும் பைக்குகள் தாமாகவே கொட்டகைக்குப் போய்விட்டன. 9.20 பேருந்து விடுதி போய்ச் சேர 4 நிமிடம் ஆனது. ஓட்டுநர் அதைச் சொன்ன விதம்தான் எனக்குப் பிடித்தது: "இப்ப ஹாரனே அடிக்கிறதில்ல சார்."

எதிர்பாராதது வேகம். இரு பக்கமும் வண்டி நின்றவரை யாரும் முறுக்க முடியவில்லை. சாலை திறந்ததும், கேட்டிலிருந்து நூலகம் வரை நேர்கோடு, நிழல், காலியான தார். இருபது வயதுப் பையன் கையில் ஆக்சிலரேட்டர். நின்ற வண்டிகள் நெரிசலைக் கொடுத்ததோடு வேகத்தையும் பிடித்துவைத்திருந்தன. பாடத்தில் இது இருக்கிறது. திட்டத்தில் சேர்க்க மறந்தோம்.

உடனே வேகத்தடை வேண்டும் என்றார்கள். ஒப்பந்தக்காரர் ஒரே ராத்திரியில் மூன்று போட்டுவிட்டார்: ஒரு சாண் அகலம், முழங்காலில் பாதி உயரம், நம் ஊர்த் தெருக்களில் பார்க்கிற அதே கூர்முதுகு. விடுதிக் காப்பாளருக்கு முதுகுத் தண்டில் ஏற்கெனவே தொந்தரவு. இரண்டாம் நாள் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நடந்து வந்தார். ரோட்ஸ் காங்கிரஸின் விதியில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு உறுத்தாது, 50-இல் போகிறவருக்குத்தான் உறுத்தும். அந்தத் தாளை நகல் எடுத்து ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தேன். "இவ்ளோ தார் யார் சார் போடுவாங்க?" என்றார். எடுத்துவிட்டுத் திரும்பப் போட இரண்டு மாதம் ஆனது. நூலகத்துக்கு முன்னால் உள்ளது மட்டும் கணக்காக வந்தது. அந்த ஒன்று போதும் என்று விட்டுவிட்டோம்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு விளைவு. நிறுத்தத்துக்கு ஸ்டிக்கர், ஸ்டிக்கருக்கு ஓட்டுநர் உரிம நகல் என்று வைத்தோம். உரிமம் இல்லாத மாணவர்கள் எதிரே டீக்கடை ஓரத்தில் பைக்கை விட்டுவிட்டு நெடுஞ்சாலையை நடந்தே கடந்தார்கள். டீக்கடைக்காரர் வண்டிக்குப் பத்து ரூபாய் வாங்கினார். வளாகத்துக்குள் ஒரு ஆபத்தைக் குறைத்து வெளியே ஒன்றைக் கூட்டினோம் என்று நான் கோப்பில் எழுதினேன். உரிம முகாம் ஒன்று நடத்தினோம், கொஞ்சம் குறைந்தது. பதினெட்டு வயது நிரம்பாத முதலாண்டுக்காரர்களுக்கு இந்த பைக்குகளை ஓட்ட உரிமம் கிடைக்காது. அவர்கள் இன்னும் அங்கேதான் நிறுத்துகிறார்கள்.

விட்டுப்போன ஒருவர்

தமிழ்த் துறையில் ஓர் ஆசிரியைக்குச் சிறு வயதிலேயே போலியோ. பின்னால் இரண்டு பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருவார். துறையின் சாய்தளத்துக்கு நேரே, சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஊன்றுகோலோடு ஏறிவிடுவார். ஜூனில் திறந்த அன்று வந்தபோது அங்கே கல் இருந்தது.

பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஜல்லியில் ஊன்றுகோல் சரியாகப் பிடிக்காது. முதல் வகுப்புக்குத் தாமதமாகப் போனார். அடுத்த நாளிலிருந்து முன்னதாகவே வர ஆரம்பித்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம், முப்பது கிலோமீட்டர் கதை சொன்ன அதே மாணவி என் அறைக்கு வந்து, "மேடம் தினமும் எட்டரைக்கே வந்து நடக்குறாங்க சார், பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. எங்கள் மூன்று நாள் நோட்டில் அந்த ஸ்கூட்டரின் எண்ணும் இருந்தது, நாள் முழுக்க நிற்கும் வண்டிகளின் பட்டியலில், என் பைக்குக்கு இரண்டு வரி கீழே.

அன்று மாலையே இரண்டு கற்களை எடுத்து, இடத்தைச் சமப்படுத்தி, சக்கர நாற்காலிக் குறி போட்டோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எங்கள் குழுவின் முதல் கூட்டத்திலேயே மேசைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வருத்தம் சொல்லப் போனேன். "கல்லு நடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுபடி செய்வதானால்

பலகையும் பூட்டும் வேண்டாம். அதில் போனது ஒரு மாதமும், மாணவர்களின் நம்பிக்கையும். கணக்கெடுப்பில் தொடங்குவேன், வண்டி எண்ணோடு, அந்த வண்டி யாருக்காக அங்கே நிற்கிறது என்பதையும் எழுதச் சொல்வேன். வேகத்தடையைக் கல் நடும் அதே வாரத்தில் போடுவேன், அளவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். கார் நிறுத்தும் பகுதிக்கும் நிழல் கிடைக்கும் வரை கார்கள் நின்ற சாலை ஓரத்தை மூடியிருக்க மாட்டேன். இன்றும் நூலகத்துக்கு வடக்கே அனுமதித்த மேற்கு ஓரம் 9 மணிக்கே நிரம்பிவிடக் காரணம் அதுதான். பயோமெட்ரிக்கை முதலிலேயே நகர்த்தியிருப்பேன். ஒருவேளை அதை மட்டும் செய்துவிட்டு ஒரு மாதம் பொறுத்துப் பார்த்திருந்தால் பாதிக் கல் தேவைப்பட்டிருக்காதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குழுவில் மற்றவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

இப்போது

வேப்பங்கன்றுகள் ஆள் உயரம் வந்துவிட்டன. நிழல் விழ இன்னும் நாளாகும். நூலகத்துக்கு முன்னால் அதற்குப் பிறகு யாரும் அடிபடவில்லை. போன பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் லாரி நுழைய வேண்டும் என்று அறிவியல் துறைகள் பக்கம் மூன்று கற்களைப் பிடுங்கினார்கள். விழா முடிந்ததும் நட்டுவிடுவதாகச் சொன்னார்கள். இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். அந்த இடைவெளியில், மரத்தடியில், ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. கண்ணாடிக்குள் வெயிலுக்கு நாளிதழ் விரித்திருக்கிறது.